சவப்பெட்டி செய்து தரச் சொன்னால்: மரத்தைத் தேர்வதற்கு முன்னால் கேட்க வேண்டியவை

ஒருவர் வந்து "சவப்பெட்டி ஒன்று செய்து தர முடியுமா" என்று கேட்டால், தச்சு வேலை தெரிந்தவன் மனது முதலில் ஓடுவது மரத்துக்கும் மூலைக்கும்தான். தேக்கா பைனா, புறா வால் போல விரிந்த பற்களைக் கோத்துச் சேர்க்கிற புறாவால் இணைப்பா, ஓரத்தைப் படி மாதிரி வெட்டிச் சேர்க்கிற சாதாரணப் படிவெட்டா, பாலிஷா எண்ணெயா என்று உள்ளுக்குள் கணக்கு ஆரம்பித்துவிடும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போது வரிசையைத் தலைகீழாக்கிவிட்டேன். பெட்டியை யார் தூக்கப்போகிறார்கள், அது மண்ணுக்குப் போகிறதா தீக்குப் போகிறதா, என் கையில் எத்தனை நாள் இருக்கிறது, இந்த மூன்றையும் கேட்டு முடிக்காமல் மரத்தைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் மற்ற தேர்வுகளில் பாதி தானாகவே முடிந்துவிடும்.

சில மாதங்களுக்கு முன் ஓர் அக்கா பட்டறைக்கு வந்தார். கணவருக்கு உடம்பு முடியவில்லை, மருத்துவர் சொன்ன கணக்கு மாதங்களில்தான் இருந்தது. அலமாரி செய்ய வேண்டும் என்று கணவர் வாங்கிப் பதினைந்து வருடமாகக் கொட்டகையில் அடுக்கி வைத்த தேக்குப் பலகைகள் பத்து இருக்கின்றன, "அதிலேயே செய்யணும் தம்பி, வேறு மரம் வேண்டாம், அவரும் அதைத்தான் சொல்கிறார்" என்றார். போய்ப் பார்த்தேன். ஏழடி நீளம், ஒன்பது அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம், நன்றாக வைரம் பாய்ந்த மரம். ஒரு பலகையின் முனையில் அவர் கையால் பென்சிலில் எழுதிய அளவு இன்னும் அழியாமல் இருந்தது. அதைப் பார்த்ததும் "சரி அக்கா, செய்துவிடலாம்" என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்தேன், பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டேன்.

வெளி அளவு 205 செ.மீ. நீளம், 61 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் என்று ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டால், அடி, மூடி, நான்கு பக்கம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 4.6 சதுர மீட்டர் பலகை வேண்டும். தேக்கு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ. ஒன்றரை அங்குலத்திலேயே அடித்தால் வெறும் பெட்டி மட்டும் 114 கிலோ. அதே தேக்கை முக்கால் அங்குலத்துக்கு இழைத்தால் 57. வெள்ளைப் பைன் கன மீட்டருக்கு 400 கிலோவை ஒட்டித்தான் இருக்கும், அதில் முக்கால் அங்குலப் பெட்டி 35 கிலோ. கைப்பிடி, குறுக்குச்சட்டம் எல்லாவற்றுக்கும் ஒரு 5 கிலோ கூட்டி, உள்ளே 75 கிலோ எடையுள்ள ஒருவர் என்று வைத்து, ஆறு பேர் தூக்குகிறார்கள் என்றால் பைனில் ஆளுக்கு 19 கிலோ வரும், முக்கால் அங்குலத் தேக்கில் 23, கனத் தேக்கில் 32.

ஆளுக்கு 32 கிலோ என்பது பட்டறையில் ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. ஆனால் தூக்குகிறவர்கள் நம் பட்டறை ஆட்கள் இல்லையே. இரண்டு நாளாகத் தூங்காத மகன், முட்டி வலிக்கிற தம்பி, அதுவரை எதையும் சேர்ந்து தூக்கிப் பழகாத மைத்துனர்கள், அவர்கள்தான் தூக்குவார்கள். எடை எப்போதும் சமமாகப் பிரிவதும் இல்லை. படியில் இறங்கும்போது கீழே நிற்கிற இரண்டு பேர் மேல்தான் சுமை சாயும், வாசலில் திரும்பும்போது ஒரு நொடி நாலு பேர் கையில்தான் எல்லாம் இருக்கும். 2022-ல் எலிசபெத் ராணியை அடக்கம் செய்த சவப்பெட்டி ஈயத்தகடு பதித்த ஓக் மரத்தால் ஆனது, அதைத் தூக்க எட்டுப் படைவீரர்கள் தேவைப்பட்டார்கள், அத்தனை பேரும் அதற்கென்று பயிற்சி எடுத்தவர்கள். நம்மிடம் வருகிற குடும்பத்துக்கு அந்த ஏற்பாடு கிடையாது. அதனால் எடை என்பது என் கணக்கில் முதல் கேள்வி, மர அழகு அதற்குப் பிறகுதான்.

இனி மரத்துக்கு வரலாம். பைன் மலிவான மரம், மலிவான மரத்தில் செய்தால் மரியாதைக் குறைவு என்று ஒரு நினைப்பு பலருக்கு இருக்கிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. நன்றாகக் காய்ந்த, கணு குறைந்த பைன் பலகையைக் கூரான இழைப்புளியால் இழைத்து முடித்தால் அதில் ஒரு மென்மையான பளபளப்பு வரும், கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும், தேக்கில்கூட அந்த உணர்வு கிடைக்காது. அதன் குறைகளும் உண்மைதான். நகம் பட்டால் பள்ளம் விழும், கணு இருக்கிற இடத்தில் பிசின் கசியும், பெரிய கணு பக்கப் பலகையின் கீழ் ஓரத்தில் வந்தால் அந்த இடத்தில் பலம் போய்விடும். செடார் இதைவிடக் கொஞ்சம் லேசு, வாசனை உண்டு, மண்ணில் சீக்கிரம் இற்றுப்போகாது, ஆனால் ஓரத்தில் சுலபமாகப் பிளக்கும், திருகு போடுவதற்கு முன் துளையிடாமல் விட்டால் கண் முன்னாலேயே விரிசல் ஓடும். பாப்லர் ஒழுங்கான ரேகையுள்ள மரம், பச்சைச் சாயல் பிடிக்காதவர்களுக்குச் சாயம் ஏற்றித் தர வேண்டியிருக்கும். பவுலோனியா கன மீட்டருக்கு 280 கிலோ அளவில்தான் இருக்கும், முக்கால் அங்குலப் பெட்டியே 25 கிலோவுக்குள் முடிந்துவிடும், முதியவர்கள் தூக்கப்போகிறார்கள் என்றால் அதை யோசிக்கலாம், ஆனால் அதில் திருகு சரியாகப் பிடிக்காது, கைப்பிடி மாட்டும் இடத்தில் உள்ளே கடின மரக் கட்டை வைத்தே தீர வேண்டும். ஓக், வால்நட், தேக்கு மூன்றும் அழகுக்கும் உறுதிக்கும் நல்லவை, எடைக்கு மட்டும் நல்லவை இல்லை.

பிளைவுட் எனும் ஒட்டுப்பலகை பற்றிக் கேட்டால் முகம் சுளிக்கிறவர்கள் அதிகம். நான் சுளிக்க மாட்டேன். அரை அங்குல பிளைவுட் ஒரு சதுர மீட்டர் ஏழு கிலோ சொச்சம் இருக்கும், முக்கால் அங்குலப் பைனும் அதே அளவுதான், ஆனால் பிளைவுட் வளையாது, சுருங்காது, ஒரு நாளில் பெட்டியாகிவிடும். 2018-ல் மறைந்த அமெரிக்கக் கிறிஸ்தவப் பிரசங்கியார் பில்லி கிரகாம் அடக்கம் செய்யப்பட்டது லூசியானா மாநிலச் சிறையில் கைதிகள் செய்த ஒட்டுப்பலகைப் பெட்டியில்தான், அவருடைய மனைவிக்கும் அங்கிருந்தே பெட்டி வந்தது. எளிமையாக இருக்க வேண்டும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. பிளைவுட்டில் எனக்குத் தயக்கம் இரண்டே இடத்தில்தான். ஒன்று, ஓரங்களில் அடுக்கு தெரியும், அதற்கு மெல்லிய மரச்சீவல் பட்டி ஒட்டி மறைத்தால் மிச்சமான நேரத்தில் பாதி அங்கேயே போய்விடும். இரண்டு, அதிலுள்ள பசை. எல்லாம் மண்ணோடு மக்கிப்போக வேண்டும் என்கிற இயற்கை அடக்கத்துக்கென்றே உள்ள சில மயானங்களில் ஒட்டுப்பலகையை ஏற்பதில்லை, முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை மட்டும் வேண்டவே வேண்டாம். கனம் அதிகம், ஓரத்தில் திருகு பிடிக்காது, ஈரம் பட்டால் ஊதிவிடும். பூச்சி அரிக்காமல் இருக்க மருந்தேற்றிய மரத்தையும் தொடாதீர்கள், அதுவும் ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றிய பழைய மரம் எரிந்தால் வரும் புகையும் சாம்பலும் நஞ்சு.

வடிவத்தில் இரண்டு வழி உண்டு. தோளில் அகன்று தலைப்பக்கமும் கால்பக்கமும் குறுகுகிற பழைய ஆறுபக்கப் பெட்டி ஒன்று, நேரான நாற்பக்கப் பெட்டி இன்னொன்று. ஆறுபக்கப் பெட்டியில் மரம் குறைவாகச் செலவாகும், எடையும் குறையும், பார்த்த மாத்திரத்தில் ஒரு மனித உருவம் அதில் தெரியும். சிலருக்கு அதனாலேயே பிடிக்கும், சிலருக்கு அதனாலேயே பார்க்கவே முடியாது. இதைக் கட்டாயம் கேட்க வேண்டும், நாமாக முடிவு செய்யக் கூடாது. வேலையில் சிக்கல் தோள் மடிப்பில்தான். தோளில் 58 செ.மீ., தலையில் 36, காலில் 30, தலையிலிருந்து தோள் வரை 50, தோளிலிருந்து கால் வரை 150 என்று வைத்தால் பக்கப் பலகை மேலே பன்னிரண்டரை டிகிரியும் கீழே ஐந்து டிகிரி சொச்சமும் சாயும், இரண்டும் சேர்ந்து 18 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு, ஆக இரண்டு பலகையாகச் சேர்த்தால் ஒவ்வொரு முனையையும் 9 டிகிரியில் சீவ வேண்டும். பழைய முறையில் பலகையை இரண்டாக வெட்டவே மாட்டார்கள். உள்பக்கம் தோள் வருகிற இடத்தில் ரம்பத்தால் ஐந்தாறு கோடு ஆழமாக அறுத்து, கொதிநீர் ஊற்றி, மெதுவாக மடக்குவார்கள். மடக்கும்போது மரம் ஒரு சின்ன முனகல் விடும், அந்த இடத்தில் அவசரப்பட்டால் வெளிமுகம் பிளந்துவிடும். பைனிலும் செடாரிலும் பழகிப் பார்த்துவிட்டு அப்புறம் உண்மைப் பலகையில் கை வைக்க வேண்டும்.

நேர்ப்பெட்டியில் இந்தத் தொல்லை கிடையாது. எல்லா மூலையும் நேர்கோணம்தான், கீல் வைத்த மூடி போடலாம், கைகளை மடித்து வைத்தாலும் முழங்கைக்கு இடம் இருக்கும். நேரம் குறைவு என்றால் நான் யோசிக்காமல் நேர்ப்பெட்டிதான் சொல்வேன். நேரம் இருந்தாலும், கேட்டவர்களுக்கு ஆறுபக்கத்தில் தனி விருப்பம் இல்லாவிட்டால் அதையேதான் சொல்வேன்.

இப்போது அடிப்பலகை. பெட்டியின் மொத்தக் கதையும் இங்கேதான் இருக்கிறது, ஆனால் யாரும் இதைப் பார்ப்பதில்லை, கேட்பதும் இல்லை. மேலே மூடியைப் பார்ப்பார்கள், மூலையைத் தடவுவார்கள். அடிப்பலகையைக் குனிந்து பார்த்த வாடிக்கையாளர் எனக்கு இதுவரை ஒருவர்கூட இல்லை.

நான் செய்த முதல் பெட்டியில் அடிப்பலகையைக் கீழிருந்து பக்கப் பலகையின் ஓரத்தில் திருகு போட்டு முடுக்கியிருந்தேன். இரண்டு அங்குலத் திருகு, பதினெட்டு இடத்தில், பசையும் வைத்து. பார்க்கப் பாறை மாதிரி இருந்தது. ஒப்படைப்பதற்கு முந்தின நாள் மனதுக்குள் ஏதோ உறுத்த, மணல் மூட்டை நாலு, மொத்தம் 140 கிலோ, உள்ளே வைத்து, பட்டறைப் பையன்களைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்லி இரண்டு முறை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்க வைத்தேன். இரண்டாவது முறை ஒரு "டிக்" சத்தம் கேட்டது. இறக்கிவிட்டுக் கீழே படுத்துப் பார்த்தால் கால்பக்கத்தில் அடிப்பலகைக்கும் பக்கப் பலகைக்கும் நடுவே நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி. திருகு முழுச் சுமையையும் இழுவையில் தாங்கிக்கொண்டிருந்தது, பைனின் ஓரத்தில் அதற்குப் பிடிமானம் போதவில்லை. அன்று ராத்திரியே அதைக் கழற்றி உள்பக்கமாகத் தாங்குசட்டம் வைத்து மறுபடி செய்தேன். அந்த இடைவெளியை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்கும், ஒரு குடும்பத்தின் கையில் அது நடந்திருந்தால் என்று.

அதனால் எந்த முறையை எடுத்தாலும் அடிப்பலகை பக்கப் பலகையில் தொங்கக் கூடாது, எதன் மேலாவது உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து நல்ல வழி மூன்று. பக்கப் பலகையின் கீழ்ப்பகுதியில் நீளப் பள்ளமாகக் காடி எடுத்து அதற்குள் அடிப்பலகையை நுழைப்பது ஒன்று, சுத்தமான வேலை, ஆனால் காடிக்குக் கீழே குறைந்தது முக்கால் அங்குலம் மரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஓரமே உடைந்து வரும். உள்பக்கம் சுற்றிலும் ஓர் அங்குல ரீப்பரைப் பசை வைத்து முடுக்கி அதன் மேல் அடிப்பலகையை வைப்பது இன்னொன்று, நேரம் குறைவாக இருக்கும்போது இதுதான் கைகொடுக்கும். மூன்றாவது, அடியில் குறுக்காக மூன்று சட்டம் போட்டு, அவற்றின் முனையைச் சிறிதாக்கிப் பக்கப் பலகையின் துளையில் கழுந்தாக ஏற்றி, அதே சட்டம் இருக்கும் இடத்தில் மேலே கைப்பிடியை வைப்பது. இதில் சுமை அடிப்பலகையிலிருந்து சட்டத்துக்கும் சட்டத்திலிருந்து கைக்கும் நேராகப் போகிறது. நேரம் இருந்தால் இதைத்தான் செய்வேன்.

அடிப்பலகையை நீளவாக்கில் போடுவதா குறுக்குவாக்கில் போடுவதா என்றும் ஒரு கேள்வி உண்டு. மூன்று குறுக்குச்சட்டத்தின் மேல் என்றால் நீளவாக்கில்தான் போட வேண்டும், காடியிலோ ரீப்பரிலோ உட்கார்கிற அடி என்றால் குறுக்காகப் போடுவதே நல்லது. ஒவ்வொரு பலகையும் 57 செ.மீ. இடைவெளியைத்தான் தாண்ட வேண்டும், அந்தத் தூரத்துக்கு முக்கால் அங்குலப் பைன் வளையாது. மரம் அகலத்தில் சுருங்கி விரிந்தாலும் அது பெட்டியின் நீளத்தில் போய்விடும், ஒவ்வொரு பலகைக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் விட்டால் போதும். துண்டு மரமும் இதில் பயன்படும்.

மண்ணுக்கா தீக்கா என்ற கேள்வி இந்த அடியில்தான் வந்து இடிக்கும். அடக்கம் என்றால் பெட்டியை இறக்கும் பட்டை அடியில் சிக்காமல் உருவி வர வேண்டும், அதற்கு ஒரு அங்குல உயரத்துக்குக் கால்கட்டை அடியில் இருந்தால் நல்லது. எரியூட்டு என்றால் நேர் எதிர், உருளையின் மேல் தள்ளி உலைக்குள் விடுவார்கள், குறுக்குக் கட்டை இருந்தால் தடுக்கும், அடி வழுவழுப்பாகத் தட்டையாக இருக்க வேண்டும், தள்ளும்போது வளையவும் கூடாது. உலோகக் கைப்பிடி, பிளாஸ்டிக், தடித்த பாலியூரித்தேன் பூச்சு இவையும் எரியூட்டுக்கு ஆகாது. சில இடங்களில் அகலத்துக்கும் உயரத்துக்கும் வரம்பு உண்டு, கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கிற அளவும் அதில் சேரும். பெட்டி செய்து முடித்த பிறகு இதைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை, முதல் நாளே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கைப்பிடிக்குக் கயிறா, மரக் கம்பா, உலோகமா? உலோகக் கைப்பிடி பார்க்கக் கம்பீரம், ஆனால் வெளியிலிருந்து குட்டைத் திருகு போட்டு மாட்டுகிற அலங்காரக் கைப்பிடியை நம்பி யாரையும் தூக்க விடாதீர்கள், உள்ளே கட்டை வைத்துப் போல்ட் ஊடுருவிப் போக வேண்டும். நீளவாக்கில் போகிற மரக் கம்பு எனக்குப் பிடித்தது, யார் எங்கே வேண்டுமானாலும் பிடிக்கலாம், குட்டையானவர் நெட்டையானவர் எல்லாரும் இடம் மாறி நின்றுகொள்ளலாம், அகலம் மட்டும் பக்கத்துக்கு ஐந்தாறு செ.மீ. கூடும். கயிறு எளிமையானது, எரியும், மண்ணில் மக்கும். பதினாறு மில்லிமீட்டர் பருத்திக் கயிறு கையில் உறுத்தாது. மூன்று கயிறுகளை வெளிப்பக்கமாகவே இறக்கி அடிச்சட்டத்தின் காடி வழியாக மறுபக்கம் ஏற்றிவிட்டால் பக்கப் பலகைக்குச் சுமையே இல்லை. புதுக் கயிறு நீளும் என்பதை மறந்துவிடாதீர்கள், ஒரு ராத்திரி கனம் கட்டித் தொங்கவிட்டு அப்புறம் அளந்து முடிச்சுப் போட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கும் நேரத்தில் ஒரு பக்கம் தாழும். எந்தக் கைப்பிடியானாலும் பாதி உயரத்துக்கு மேலே இருக்கட்டும். கீழே வைத்தால் சுமை பிடிக்கு மேலே நின்று பெட்டி உருளப் பார்க்கும்.

மூலை இணைப்பில் தச்சர்களுக்கு ஆசை அதிகம், எனக்கும் உண்டு. ஆனால் உண்மையைச் சொன்னால் புறாவால் இணைப்பு தாங்குகிற இழுவை இந்தப் பெட்டியின் மூலையில் வருவதே இல்லை. நாலு மூலையும் கையால் வெட்டினால் எனக்கு முழுதாக ஒன்றரை நாள் போகும். படிவெட்டு எடுத்து, பசை வைத்து, மூங்கில் ஆணி அடித்தால் ஒரு மதியத்தில் முடியும், பலமும் போதும். அந்த ஒன்றரை நாளை அடிப்பலகைக்கும் கைப்பிடிக்கும் கொடுங்கள். செய்யச் சொன்னவர் தச்சராக இருந்தாலோ, தச்சு வேலையை நேசித்தவருக்கான பெட்டியாக இருந்தாலோ அது வேறு, அங்கே புறாவால் போடுவேன். முனையை 45 டிகிரியில் சீவிப் பசை மட்டும் வைத்துச் சேர்ப்பது கூடாது. நார் முனை தெரிகிற குறுக்குமுகம் பசையை உறிஞ்சிவிடும், பிடிப்பு நிற்காது. பசையில் வெள்ளைப் பசை எல்லாவற்றுக்கும் சரி. இயற்கை அடக்கத்துக்கு விலங்குத் தோலில் காய்ச்சும் வஜ்ஜிரப் பசை இன்னும் பொருத்தம், ஈர மண்ணில் கரைந்து போய்விடும், ஆனால் சூடாக வைத்து வேகமாக வேலை செய்யப் பழகியிருக்க வேண்டும்.

மூடியில் ஒரு எச்சரிக்கை. 61 செ.மீ. அகலப் பைன் மூடி, காற்றின் ஈரம் மாறும்போது ஆறேழு மில்லிமீட்டர் வரை கூடிக் குறையலாம். இரண்டு நாளில் பயன்படப்போகிற பெட்டிக்கு இது பொருட்டே இல்லை. முன்கூட்டியே செய்து வைக்கிற பெட்டிக்கு இதுதான் எல்லாம். குறுக்குச்சட்டத்தைப் பசை வைத்து ஒட்டிவிட்டால் ஆறு மாதத்தில் மூடி வில்லாக வளையும் அல்லது நடுவில் பிளக்கும். சட்டத்தில் திருகு நகர இடம் விட்டு நீள்துளை போட்டு முடுக்க வேண்டும், உலோகமே வேண்டாம் என்றால் காடியில் நுழைத்த சட்டத்தை நடுவில் மட்டும் ஓர் ஆணி அடித்து நிறுத்தலாம். வைத்திருக்கும்போது மூடியைத் தனியாக, நடுவே குச்சி வைத்து, இரண்டு பக்கமும் காற்று படும்படி வைக்கச் சொல்லுங்கள்.

மேல்பூச்சைத் தீர்மானிப்பது கையில் இருக்கும் நாள்தான். ஆளி விதை எண்ணெய் பைனில் தேன் நிறம் கொடுக்கும், ஆனால் ஒவ்வொரு பூச்சும் காயக் குறைந்தது ஒரு நாள், வாசனை போக இன்னும் பல நாள். ஒரு முறை இரண்டே நாள் அவகாசத்தில் வந்த வேலைக்கு எண்ணெய் தடவ நினைத்துக் கடைசி நிமிடத்தில் விட்டுவிட்டேன், அடைத்த அறையில் அந்த வாசனையோடு அவர்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டுமே என்று தோன்றியது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பாலிஷ் ஒரு மணி நேரத்தில் அடுத்த பூச்சுக்குத் தயாராகிவிடும், காலையில் ஆரம்பித்தால் மாலைக்குள் நாலு பூச்சு முடியும். அன்று அதைத்தான் செய்தேன். வெறும் மரமாக விட்டு, தேன்மெழுகு மட்டும் துணியால் தேய்த்துக் கொடுப்பதும் நல்ல முடிவுதான். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவிடுங்கள் அல்லது தண்ணீரில் போடுங்கள்.

அளவைப் பற்றிக் கேட்பதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி. உயரம், முழங்கையோடு சேர்த்து அகலம், இரண்டும் வேண்டும். தோள் அகலத்தை மட்டும் வாங்கினால் தப்பாகிவிடும், கைகளை வயிற்றின் மேல் மடித்து வைத்தால் முழங்கைதான் அகன்ற இடம். உயரத்தோடு ஒரு ஏழெட்டு செ.மீ. சேர்த்துக்கொள்வேன். உள்ளே விரிக்க இழைப்புச் சீவலையே பருத்தித் துணிக்குள் நிரப்பித் தைத்துக் கொடுக்கிறேன், நாலு விரல் தடிமனுக்கு. மெத்தென்று இருக்கும், ஈரத்தை உறிஞ்சும், அந்தப் பெட்டி இழைத்த மரத்தின் சீவலாகவே இருக்கும். இந்தத் தடிமனையும் உள் உயரத்தில் கணக்கு வைக்க வேண்டும்.

அந்த அக்காவிடம் மறுநாள் இந்தக் கணக்கெல்லாம் எழுதிய தாளோடு போனேன். பலகையை வேண்டாம் என்று சொல்ல மனமில்லை, முழுக்க அதிலேயே செய்யவும் முடியாது. 12 மில்லிமீட்டர் தேக்கு மூடியும் 19 மில்லிமீட்டர் பைன் மூடியும் ஏறக்குறைய ஒரே எடை, பத்துக் கிலோவை ஒட்டித்தான் இரண்டும் வரும். அதனால் உடல் முழுக்கப் பைன், மூடி மட்டும் அவருடைய தேக்கு என்று சொன்னேன். இரண்டு பலகையைக் கனத்தில் நடுவே அறுத்தால் நாலாகும், மூன்று மூடிக்கு, ஒன்று குறுக்குச்சட்டத்துக்கும் கைப்பிடிக் கம்பு தாங்கும் கட்டைக்கும். அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "தூக்கப்போறது என் ரெண்டு பிள்ளையும் அவங்க மாமன்மாரும்தான், பெரியவருக்கு எழுபது வயசு" என்றார். அப்புறம் உள்ளே போய்க் கணவரிடம் கேட்டுவிட்டு வந்து "மீதி எட்டுப் பலகை அப்படியே இருக்கட்டுமாம், அலமாரிக்கு" என்றார்.

அறுத்த தேக்கு உள்முகம் வெளிக்காற்றைப் பார்த்ததும் கொஞ்சம் வளைந்தது, எதிர்பார்த்ததுதான், குச்சி வைத்து அடுக்கி மேலே கனம் ஏற்றி மூன்று வாரம் விட்ட பிறகே இழைத்தேன். பென்சில் எழுத்து இருந்த முகத்தை மட்டும் இழைக்கவில்லை. அந்தப் பலகை நடுவில் வரும்படி, எழுத்து உள்பக்கம் இருக்கும்படி ஒட்டினேன். மூடியை நிறுத்தும் ஆறு மர ஆணியோடு ஒன்று கூடுதலாகச் செய்து, சின்னக் கொட்டாப்புளி ஒன்றையும் சேர்த்துத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தேன். ஒப்படைக்கும் முன்பு மணல் மூட்டை ஏற்றி ஒரு ராத்திரி முழுக்க கைப்பிடிக் கம்பிலேயே தொங்கவிட்டிருந்தேன். காலையில் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன், எங்கும் நகம் நுழையவில்லை.